முழங்கால் வலியும் சைக்கிள் சீட்டும்

நாற்பது வயதைத் தாண்டியும் மண்டியில் சரக்கெடுத்து, கேரியரில் கட்டி, சைக்கிள் மிதித்து வருவோர் நம்மில் உண்டு. முழங்கால் வலித்தால் வயதின் மேல் பழி போடுகிறோம். பல சமயம் குற்றம் சீட்டின் உயரத்தில்தான் இருக்கிறது.

சுமையோடு நிற்கும்போது இரு கால்களும் தரையில் படவேண்டும் என்று சீட்டை இறக்கி வைக்கிறோம். அதனால் முழங்கால் அதிகம் மடங்கியபடியே உழைக்கிறது. முட்டிச் சில்லு தொடை எலும்பில் அழுந்தி, முன்பக்கம் வலி எடுக்கிறது. சீட்டு மிக உயர்ந்தாலோ பின்பக்கம் வலிக்கும்.

சரியான அளவு இதுதான்: சீட்டில் அமர்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் 25 முதல் 30 டிகிரி வரை மடங்கியிருக்கும். நிற்கும்போது சீட்டை விட்டு இறங்கி நிற்கலாம்.

நமது பூமி சமதரைதான். ஆனால் தஞ்சையிலிருந்து திருவையாறு போக வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கவேண்டும். கியர் இல்லாத வண்டியில் பாலத்து ஏற்றத்தைச் சுமையோடு அழுத்தி மிதிப்பதே முழங்காலுக்குப் பெரும் பகை. இறங்கித் தள்ளுவதில் கௌரவக் குறைவில்லை. பெரிய சுமையை இரண்டு நடையாகக் கொண்டுவரலாம். டயரில் காற்று, செயினில் எண்ணெய் குறையாமல் பார்க்கவேண்டும்.

வீக்கமோ, ஓய்விலும் நீங்காத வலியோ இருந்தால் டாக்டரிடம் காட்டுவதே முறை. தராசு முள்ளைக் கவனிக்கும் நாம், சீட்டின் உயரத்தையும் ஒருமுறை கவனிப்போம்.