இருட்டிய பிறகு தொடங்கும் முகாம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ‘கேம்ப் சன்டவுன்’ என்றொரு கோடை முகாம் உண்டு. அங்கே பொழுது சாய்ந்த பிறகுதான் பிள்ளைகள் வெளியே வருவார்கள். நீச்சலும் ஓட்டமும் பாட்டும் நள்ளிரவு தாண்டி நடக்கும். கிழக்கு வெளுப்பதற்குள் எல்லோரும் அறைக்குள் போய்விட வேண்டும்.

அந்தப் பிள்ளைகளுக்கு வெயில் ஆகாது. ஜெரோடெர்மா பிக்மென்டோசம், சுருக்கமாக எக்ஸ்.பி. என்ற பிறவிக் கோளாறு அவர்களுக்கு. சூரியனின் புற ஊதாக் கதிர், தோல் செல்லில் உள்ள டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளை ஒட்டிப்போகச் செய்கிறது. நம் எல்லோருக்கும் தினமும் நடப்பதுதான் இது. உடனே ஒரு புரதக் கூட்டம் வந்து, நைந்த துணியைக் கத்தரித்து ஒட்டுப்போடும் தையல்காரரைப் போல, அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பிவிடும். எக்ஸ்.பி. உள்ளவர்களுக்கு இந்தப் பழுதுபார்ப்பு சரியாக நடப்பதில்லை என்பதை 1968-இல் கண்டறிந்தவர் ஜேம்ஸ் கிளீவர். பழுது சேரச் சேர, பள்ளி வயதிலேயே தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. சிலருக்குக் காதும் நரம்பும்கூடப் பாதிக்கப்படுகின்றன.

மகளுக்கு இந்த நோய் இருப்பது தெரியவந்த பிறகு கேரன், டான் மஹார் தம்பதி 1990-களில் ஓர் அமைப்பைத் தொடங்கி, இந்த முகாமையும் நடத்தினார்கள். இங்கே தொண்டு செய்ய வருபவர் முதலில் தன் தூக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்து, வெளிச்சத்தைச் சந்தேகிக்கப் பழக வேண்டும். மேகம் மூடிய பகலிலும் புற ஊதாக் கதிர் வருகிறது. கார் ஜன்னல் கண்ணாடி அதில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. வீட்டு விளக்குகளையும் நம்பிவிட முடியாது. சில டியூப்லைட்டுகளும் ஹாலோஜன் விளக்குகளும் அதைக் கசியவிடுகின்றன. அதனால் எக்ஸ்.பி. உள்ள பிள்ளை புழங்கும் இடத்தில் யாராவது ஒருவர் புற ஊதாக் கதிரை அளக்கும் கையடக்கக் கருவியை ஒவ்வொரு விளக்கின் கீழும் பிடித்து, எண் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தாக வேண்டும். குளியலறை விளக்கையும் விடக் கூடாது. படம் எடுத்துப் போட்டுப் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு பெட்டி பொம்மை வாங்கித் தருவதைவிட இதுதான் பெரிய உதவி என்பேன்.

நிலவொளியும் சூரிய வெளிச்சம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நிலவில் பட்டுத் திரும்பி வருவது அவ்வளவு சொற்பம் என்பதால் அதில் ஆட்டம் போடத் தடையில்லை. 2009 ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி, இரவு ஆட்டம் முடிந்ததும் தன் மைதானத்தை இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது. வீரர்களும் கூடச் சேர்ந்து பின்னிரவுவரை அங்கே விளையாடினார்கள். பணம் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். ஆனால் ஊரே தூங்கும் நேரத்தில் விழித்திருந்தார்கள் பாருங்கள், அங்குதான் அவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இந்த நோய் வர, பழுதான மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வர வேண்டும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். அரிய நோய்தான். ஆனால் நம் ஊர் வெயிலில் தாமதத்துக்கான விலை அதிகம்.

சில நிமிட வெயிலுக்கே குழந்தையின் முகம் சிவந்து கொப்பளித்தாலோ, இரண்டு வயதுக்குள் வெயில் படும் இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கருத்தாலோ, வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே அழுதாலோ, மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். குழந்தையை வெயில் படாமல் மூடி, தோல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். வெயிலைத் தவிர்ப்பதால் வைட்டமின் டி குறையும். அதற்கு மாத்திரை உண்டு, அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.