தொழிற்சாலை

தொழிற்சாலை என்பது, தொழிலாளரையும் பொறிகளையும் ஒரே இடத்தில் ஒருங்கிணைத்து, பொருட்களைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் இடமாகும். இது ஆலை எனவும் வழங்கப்படும். பட்டறையில் ஒரு கைவினைஞரே ஒரு பொருளைத் தொடக்கம் முதல் இறுதி வரை செய்வது உண்டு. தொழிற்சாலையிலோ வேலை பல படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படியும் வெவ்வேறு தொழிலாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

முந்திய உற்பத்தி முறை

18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் துணி உற்பத்தி பெரும்பாலும் வீடுகளிலேயே நடைபெற்றது. வணிகர்கள் பஞ்சையோ கம்பளியையோ கொடுத்து, நூலாகவும் துணியாகவும் திரும்பப் பெற்றனர். வேலை நேரத்தைக் குடும்பத்தினரே முடிவு செய்தனர். 1733 இல் ஜான் கே உருவாக்கிய பறக்கும் நாடா நெசவை விரைவாக்கியது. ஆனால் இராட்டையில் ஒரு நேரத்தில் ஓர் இழையையே நூற்க முடிந்ததால், நூலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது.

குரோம்போர்டு ஆலை

ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769 இல் ஒரு நூற்புப் பொறிக்குக் காப்புரிமம் பெற்றார். இப்பொறியில் உருளைகள் பஞ்சை இழுத்து நீட்ட, கதிர்கள் அதனை முறுக்கி நூலாக்கின. 1771 இல், டார்பிசயரில் உள்ள குரோம்போர்டு என்னும் ஊரில், இத்தகைய பொறிகள் பலவற்றை நீர்ச்சக்கரத்தால் இயக்கும் ஆலையை அவர் நிறுவத் தொடங்கினார். டார்பி நகரில் 1721 அளவிலேயே நீராற்றலால் இயங்கும் பட்டு ஆலை ஒன்று இருந்தது. எனினும், பின்வந்த பருத்தி ஆலைகளுக்குக் குரோம்போர்டே முன்மாதிரியாக அமைந்தது.

இராட்டையைப் போல நீர்ச்சக்கரத்தை வீட்டில் வைத்துக்கொள்ள இயலாது. எனவே, ஆற்றல் கிடைக்கும் இடத்துக்குத் தொழிலாளர் செல்ல வேண்டியதாயிற்று. சக்கரம் சுழலும் நேரமே வேலை நேரமாகியது. குரோம்போர்டில் பகலிலும் இரவிலும் 12 மணி நேர முறைகளில் வேலை நடைபெற்றது. தொழிலாளருக்காக ஆர்க்ரைட் வீடுகளைக் கட்டினார். தொழிலாளருள் பலர் சிறுவர்கள் ஆவர்.

நீராவி ஆற்றல்

1780களில் ஜேம்ஸ் வாட் சுழல் இயக்கம் தரும் நீராவிப் பொறியை உருவாக்கினார். இதன் பின்னர் ஆலைகள் ஆற்றங்கரையைச் சார்ந்திருக்கத் தேவையில்லாது போயிற்று. மான்செஸ்டர் போன்ற நகரங்களில் ஆலைகள் பெருகின.

தொழிற்சாலைச் சட்டங்கள்

பொறி களைப்படையாது, அதன் அருகில் நிற்கும் சிறுவரோ களைப்படைவர். இம்முரண்பாடே வேலை நேரச் சட்டங்களுக்கு வழிவகுத்தது. பிரித்தானியாவின் 1833 ஆம் ஆண்டுச் சட்டம், பட்டு ஆலைகள் தவிர்ந்த துணி ஆலைகளில் 9 வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. அதை நடைமுறைப்படுத்த நான்கு ஆய்வாளர்களும் நியமிக்கப்பட்டனர்.

இந்தியாவில் 1854 இல் பம்பாயில் பருத்தி ஆலை நிறுவப்பட்ட பின்னர் இதே சிக்கல் எழுந்தது. 1881 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குக் குறைந்தோரை மட்டுமே விலக்கியது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வயது வரம்பு 14 ஆக இருந்தது.