வேலைக்கேற்ற கணினி மொழி

வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும், வகுப்பறையில் ஆங்கிலமும், கடைத்தெருவில் இந்தியோ குஜராத்தியோ பேசுகிறது. எம்மொழியும் தாழ்ந்ததன்று, இடத்திற்கேற்ற மொழியைத் தேர்வதே அறிவுடைமை. கணினி மொழிகளுக்கும் இது பொருந்தும்.

சூரத்திலுள்ள துணி நிறுவனம் ஒன்றிற்குத் தில்லியிலும் கொல்கத்தாவிலும் கிளைகள் இருப்பதாகக் கொள்க. எத்துணி மிகுதியாக விற்றது, எது தேங்கிக் கிடக்கிறது என்ற அறிக்கை மாதந்தோறும் உரிமையாளருக்கு வேண்டும். அதனைக் கொண்டே அவர் அடுத்த மாதக் கொள்முதலை முடிவு செய்வார். அறிக்கை பிழையானால் சரக்குத் தேங்கும், பணமும் முடங்கும்.

அலுவலகங்கள் பல எக்செல் விரிதாளில் தொடங்குகின்றன. அது கற்க எளிது. சிறு கணக்கிற்குப் போதும். ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. இன்றைய எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிசைகள் அடங்கும். பழைய வடிவக் கோப்பிலோ 65,536 மட்டுமே. 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தொகுக்கப் பழைய வடிவக் கோப்புகளைப் பயன்படுத்தியது. இடம் போதாமையால் 15,841 பேரின் முடிவுகள் உரிய நாளில் கணக்கில் சேராமல் விடுபட்டன. அவர்களோடு பழகியோரைக் கண்டறிந்து எச்சரிக்கும் பணியும் தாமதமாயிற்று. கூட்டலில் பிழை இல்லை. கருவி வேலைக்குப் பொருந்தவில்லை.

தரவுகள் பெருகித் தரவுத்தளத்தில் சேமிக்கப்படும்போது எஸ்க்யூஎல் மொழி ஏற்றது. எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கருத்தை அடிப்படையாகக் கொண்டு, ஐபிஎம் நிறுவனத்தின் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்டு பாய்சும் இதனை உருவாக்கினர். ‘கிளைவாரியாக விற்பனையைக் கூட்டுக’ என்பதுபோல வேண்டியதைக் கூறினால் போதும். தேடும் வழியைத் தரவுத்தளமே வகுத்துக்கொள்ளும்.

கிளைகள் அனுப்பும் கோப்புகள் ஒரே வடிவில் இராதபோது, 1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தான் உதவும். 03/04 என்பது ஒரு கிளைக்கு ஏப்ரல் 3. மற்றொன்றிற்கு மார்ச் 4. எக்கிளை எம்முறையில் எழுதுகிறது என்று குறிப்பிட்டுவிட்டால், தேதிகளைச் சீராக்குவது முதல் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்புவது வரை நிரலே செய்து முடிக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆர் மொழி, புள்ளியியல் ஆய்விற்கும் வரைபடங்களுக்கும் சிறந்தது.

நிரலை எழுதியவர் பணி மாறிச் சென்றபின் அதனைப் பேணுபவர் யார் என்பதும் எண்ணத்தக்கது. 1959இல் உருவாகத் தொடங்கிய கோபோல் மொழி நிரல்கள் இன்றும் வங்கிகளில் இயங்குகின்றன. அம்மொழி அறிந்தோரோ அருகி வருகின்றனர். எனவே புதுமையை மட்டும் நோக்காது, அலுவலகத்தார் கற்றுப் பேணத்தக்க மொழியையே தேர்தல் வேண்டும்.

ஒரு மொழியே போதும் என்னும் கட்டாயமும் இல்லை. அத்துணி நிறுவனம் பைத்தானால் கோப்புகளைச் சீராக்கலாம், எஸ்க்யூஎல்லால் கூட்டலாம், முடிவை உரிமையாளர் பழகிய எக்செல் தாளிலேயே அளிக்கலாம்.

சொற்பொருள்
தரவு – சேகரித்த விவரம்
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பு
அருகி – குறைந்து

வினாக்கள்
1. இங்கிலாந்தில் 15,841 பேரின் முடிவுகள் விடுபட்டது ஏன்?
2. பைத்தான், எஸ்க்யூஎல் ஆகியவற்றின் பயன்களை வேறுபடுத்தி எழுதுக.
3. பள்ளி நூலகத்தின் மாத அறிக்கைக்கு எக்கருவி ஏற்றது? காரணம் கூறுக.