வீட்டிற்கொரு கோப்புக் களஞ்சியம்

கைப்பேசி வந்த பிறகு நம் வீடுகளில் பெட்டகம் என்று ஒன்று இல்லாமற் போயிற்று. முன்பெல்லாம் பத்திரமும் சான்றிதழும் நிழற்படமும் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். சாவி அம்மாவின் முந்தானையில் இருக்கும். இப்போது? திருமுல்கேரியில் எங்கள் வீட்டையே சொல்கிறேன். தாத்தாவின் ஓய்வூதியத் தாள்கள் அத்தையின் கைப்பேசியில் படங்களாக இருந்தன. தம்பியின் மதிப்பெண் பட்டியல் என்னிடம் இருந்தது. மறைந்த பாட்டி பாடிய தாலாட்டோ, கண்ணாடி விரிந்துபோன ஒரு பழைய கைப்பேசியில் மட்டுமே இருந்தது. அந்தக் கருவி ஒரு நாள் உயிர் பெறாமற் போனால், பாட்டியின் குரலை மீண்டும் கேட்க வழி இல்லை.

இவற்றை ஓரிடத்தில் சேர்த்து, வீட்டார் அனைவரும் இருந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி செய்ய இயலுமா? இயலும். மாத வாடகைக்கு இடம் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் பரணில் ஒரு பழைய கணிப்பொறி தூங்கிக்கொண்டிருக்கும்போது வாடகை எதற்கு? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அதை ஒட்டி ஓரங்கட்டப்பட்ட பொறிகள் பல. கோப்புகளை வாங்கி வைத்துக் கேட்டவருக்குக் கொடுக்கும் வேலைக்கு அவற்றின் வலுவே மிகுதி.

‘சர்வர்’ என்ற சொல்லைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டுவதில்லை. பந்தியில் பரிமாறுகிறவர் என்பதே அதன் பொருள். ஐதராபாத்துக்கு இந்த எண்ணம் புதிதும் அன்று. 1967-இல் இங்கே தோன்றிய எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா, டி.டி.சி. என்னும் கணிப்பொறிகளைச் செய்து விற்ற காலத்தில், ஓர் ஆய்வுக்கூடத்திற்கே ஒரு பொறிதான். பலர் முறை வைத்து அதனிடம் சென்றார்கள். இன்று அந்த ஏற்பாட்டையே ஒரு வீட்டின் அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறோம்.

முதலில், எந்தப் பொறி? இரவும் பகலும் ஓட வேண்டியது என்பதால் மின்சாரக் கணக்கைப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போதே 50 வாட் தின்னும் மேசைக் கணிப்பொறி, ஒரு நாளைக்கு 1.2 யூனிட், மாதத்திற்கு 36 யூனிட் எடுக்கும். 15 வாட்டில் அடங்கும் மடிக்கணினிக்கு மாதம் ஏறக்குறைய 11 யூனிட்தான். மேலும், மின்சாரம் நின்றாலும் மடிக்கணினியின் பேட்டரி சிறிது நேரம் தாங்கும். எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் அதனை உடனே நீக்கிவிட வேண்டும். தீப்பற்றும் பொருள் அது.

பொறி பழையதாக இருக்கலாம். வட்டு பழையதாக இருக்கலாகாது. பத்து ஆண்டு சுழன்ற வட்டில் குடும்பத்தின் பத்திரங்களை வைப்பது, செல்லரித்த உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவது போன்றது. சிக்கந்தராபாத் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேடு சென்டருக்குப் போனால் கடைக்குக் கடை வட்டு கிடைக்கும். நாலு கடை விசாரித்து, உத்தரவாதச் சீட்டோடு இரண்டாக வாங்குங்கள். இரண்டு எதற்கு என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

இயக்க முறையாக நான் வைத்தது டெபியன். பைசாச் செலவில்லை. பென் டிரைவில் இறக்கி, சாளரமும் அலங்காரமும் இல்லாத வெறும் வடிவத்தில் நிறுவினால் 2 ஜிபி நினைவகம் போதும். ஒன்று கவனிக்க: 2025-இல் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் பொறிகளில் புதிதாக நிறுவ முடியாது. ஆகவே உங்கள் பொறி 64 பிட் வகையா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் அது உறங்கிவிடும். உறங்காதபடி அமைப்பில் மாற்றிவிட வேண்டும்.

அடுத்து, பரிமாறுகிறவர் வேண்டும். அவர் பெயர் சாம்பா. இதன் கதை மாணவர்களாகிய நமக்கு உவப்பானது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், வேறுபட்ட இரு வகைக் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று கோப்புப் பரிமாற வேண்டும் என்று 1991-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். முதலில் வைத்த பெயருக்கு வேறொருவர் உரிமை கொண்டாடவே, எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் அந்த வரிசையில் வரும் சொற்களை அகராதியில் கணிப்பொறியைக் கொண்டே தேடினார். ‘சாம்பா’ அகப்பட்டது. அந்த நிரல்தான் எங்கள் வீட்டில் இன்று தாத்தாவின் தாள்களைப் பரிமாறுகிறது.

இணையம் தரும் ரவுட்டர் பெட்டிக்கும் களஞ்சியப் பொறிக்கும் இடையே கம்பி இழுப்பதே நல்லது. நொடிக்கு 100 மெகாபிட் செல்லும் கம்பியில் 10 ஜிபி போய்ச் சேரப் பதின்மூன்று நிமிடத்திற்கு மேலாகும். கிகாபிட் வசதி இரு முனையிலும் இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் முடியும், வட்டும் அந்த வேகத்திற்கு ஈடுகொடுத்தால். ரவுட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. அந்த எண் அடிக்கடி மாறினால் களஞ்சியத்தைத் தேடி அலைய நேரும். ஆகவே இந்தப் பொறிக்கு என்றும் ஒரே எண் என்று ரவுட்டரிலேயே குறித்துவிட வேண்டும்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தேன். பொது அறை ஒன்று, அவரவர்க்குத் தனி அறை ஒன்று. அத்தைக்குத் தம் கைப்பேசியிலிருந்தே பொது அறை திறக்கிறது. ஆண்ட்ராய்டில் இதற்கு இலவசச் செயலிகள் பல உண்டு. ஐபோனில் அதன் கோப்புச் செயலியே போதும்.

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தாராளமாக வைக்கலாம், ஒரே ஓர் அளவு உண்டு. லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. ஒருங்குறியின் வழக்கமான வடிவத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ‘பாட்டி’ நம் கண்ணுக்கு மூன்றெழுத்து; பொறிக்கோ காலும் புள்ளியும் மேல்விலங்கும் தனித்தனி, ஆறு குறிகள், 18 பைட். இவ்வாறு 85 குறிகள் வரை இடமிருக்கிறது. ‘பாட்டி தாலாட்டு’ என்று எழுதிய பின்னும் ஊரும் ஆண்டும் சேர்க்க இடம் மிஞ்சியது.

இந்தக் களஞ்சியத்தின் கதவை வெளி இணையத்திற்கு நேராகத் திறந்துவிடாதீர்கள். 2017 மே மாதம் ‘வானாகிரை’ என்னும் நச்சு நிரல் உலகைச் சுற்றியது, கோப்புப் பரிமாற்ற முறையின் மிகப் பழைய வடிவில் விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாகத்தான். இங்கிலாந்தின் மருத்துவமனைகளும் அதற்குத் தப்பவில்லை. அந்தப் பழைய வடிவத்தைச் சாம்பா 2019 முதல் தானாகவே அடைத்து வைத்திருக்கிறது. ஏதோ ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு வேண்டும் என்று அதைத் திறந்துவிடச் சொல்வோர் உண்டு, கேட்க வேண்டாம்.

இனி இரண்டாவது வட்டு. இரண்டையும் ஒரே பெட்டியில் பூட்டி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் உடனே பதியும்படி செய்வோர் இருக்கிறார்கள். வட்டு பழுதானால் அது காக்கும். தம்பி தவறி அழித்துவிட்டால்? இரண்டிலும் அழியும்! திருடன் வந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். எனவே எங்கள் இரண்டாவது வட்டு அல்வாலில் மாமா வீட்டில் இருக்கிறது. மாதம் ஒரு முறை அதைக் கொண்டுவந்து ஆர்சிங்க் என்னும் நிரலை ஓட்டுகிறேன். அதுவும் டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்னும் நண்பருடன் 1996-இல் வெளியிட்டதே. மாறிய கோப்புகளை மட்டும் அது பொறுக்கி எடுப்பதால், முதல் முறைக்குப் பிறகு தேநீர் ஆறும் முன் வேலை முடிந்துவிடும். அழிந்த கோப்பை அங்கேயும் அழி என்ற கட்டளையை நான் சேர்ப்பதில்லை. முடிந்ததும் அந்த வட்டிலிருந்து ஏதேனும் இரண்டு கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே மாமாவிடம் திருப்பிக் கொடுக்கிறேன்.