எந்தப் படகில் ஏற்றுவது?

கடற்கரையே இல்லாத மாநிலம் மத்தியப் பிரதேசம். அங்கே தேவாஸ் மாவட்டத்து விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்த நேஹா தாக்கூர், 2023 செப்டம்பரில் சீனாவின் நிங்போவில் நடந்த ஆசிய விளையாட்டுப் பாய்மரப் படகுப் போட்டியில் வெள்ளி வென்றார். அப்போது அவருக்கு 17 வயது. படகோட்டக் கற்றது போபாலின் பெரிய ஏரியில், அங்குள்ள தேசிய பாய்மரப் பள்ளியில். சேர்வராயன் மலையில் உள்ள மஞ்சக்குட்டையிலிருந்தும் கடல் வெகு தொலைவில் இருக்கிறது. ‘இந்த விளையாட்டு நம் பிள்ளைகளுக்கு எங்கே’ என்று நினைக்கும் இந்த மலைப் பெற்றோருக்கு நேஹாவின் பெயரைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

அவர் ஓட்டிய படகு ஐஎல்சிஏ 4. பாய்மரப் போட்டிகளில் இப்படிப் பல ரகங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் ‘கிளாஸ்’ என்பார்கள். ஒரே கிளாஸில் போட்டியிடும் படகுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே பாய். பணக்காரர் வீட்டுப் பிள்ளை வேகமான படகு வாங்கி வந்து ஜெயித்துவிட முடியாது. ஆனால் எந்தக் கிளாஸில் ஏற்றுவது என்பதில் பெரியவர்கள் தவறினால், திறமையுள்ள பிள்ளைகூட இரண்டு வருடத்தில் வெறுத்துப்போய் விலகிவிடும். அதனால் அந்த ஒரு முடிவைப் பற்றியே இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் பந்தயம் எப்படி நடக்கிறது என்று சுருக்கமாக. தண்ணீரில் மிதவைகளை நட்டு ஒரு பாதை அமைப்பார்கள். தொடக்கக் கோடு காற்று வரும் திசையைப் பார்த்திருக்கும். காற்றுக்கு நேரெதிராக எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. இடமும் வலமுமாகச் சாய்த்துச் சாய்த்துத்தான் முன்னேற வேண்டும். எந்தப் பக்கம் எப்போது திரும்புவது என்பதில்தான் பாதிப் பந்தயம் இருக்கிறது. முதலில் வந்தவருக்கு 1 புள்ளி, இரண்டாவது வந்தவருக்கு 2 என்று போகும். ஆகக் குறைந்த புள்ளி எடுத்தவர் வெல்வார். ஒரு போட்டித் தொடரில் பத்துப் பன்னிரண்டு பந்தயங்கள் வரை இருக்கும். ஒருவருடைய ஆக மோசமான பந்தயத்தைக் கணக்கில் விட்டுவிடுவார்கள். நேஹா 11 பந்தயங்களில் எடுத்தது 32 புள்ளி. மோசமானது ஐந்தாம் இடம், அந்த 5 கழிய 27. அதாவது அந்தத் தொடர் முழுவதிலும் அவர் ஐந்தாம் இடத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. சீராக ஓட்டுபவருக்குப் பலன் தரும் விளையாட்டு இது.

இனி, கிளாஸைத் தீர்மானிக்கும் எடைக்கு வருவோம். காற்று பாயைத் தள்ளும்போது படகு சாயும். சாய்ந்த படகு வேகம் இழக்கும். அதை நிமிர்த்தி வைப்பது ஓட்டுபவரின் உடல்தான். படகின் நடுவே ஒரு பட்டை ஓடும். அதற்கு அடியில் பாதங்களைக் கொடுத்து, தொடைகளை விளிம்பில் வைத்து, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேலே மல்லாத்தி நீட்டுவார்கள். இதற்கு ‘ஹைக்கிங்’ என்று பெயர். பந்தயம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்றால், காற்றை எதிர்த்துப் போகும் நேரமெல்லாம் வயிறும் தொடையும் எரியும். பாயின் பரப்பு கூடினால் காற்றின் விசை அதே அளவில் கூடும். காற்றின் வேகம் இரட்டித்தாலோ விசை நான்கு மடங்காகும். 40 கிலோ பிள்ளையைப் பெரிய பாயுள்ள படகில் உட்காரவைத்தால், காற்று பலக்கும் நாளில் அது பந்தயம் ஓட்டாது, கவிழாமல் இருக்கப் போராடிக்கொண்டிருக்கும். எதைக் கற்றுக்கொள்ள வந்ததோ அதற்கு நேரமே இருக்காது. எடை மிஞ்சினாலும் சிரமம்தான். சின்னப் படகில் கனத்த பிள்ளை மெல்லிய காற்றில் எல்லோருக்கும் பின்னால் நிற்கும். தன் தவறு என்னவென்று தேடித் தேடி மனம் சோரும்.

‘பெரிய படகுல போட்டாத்தானே சீக்கிரம் முன்னேறுவான்?’ என்று கேட்காத பெற்றோர் குறைவு. பாய்மரத்தில் அது நடக்காது. வயது ஒரு குறிப்புதான், தராசுதான் முடிவு சொல்ல வேண்டும்.

உலகம் முழுக்கப் பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குவது ஆப்டிமிஸ்ட் படகில். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுபவர், வீட்டிலேயே ஒட்டுப்பலகையில் செய்துகொள்ளும்படி குழந்தைகளுக்காக வடிவமைத்தார். நீளம் சுமார் 2.3 மீட்டர், எடை 35 கிலோ, முனை மொண்ணையாக இருக்கும். ஒரே ஒரு சிறிய பாய். ஏழெட்டு வயதில் தொடங்கலாம்; 15 வயது நிறையும் ஆண்டின் கடைசி வரை இதில் போட்டியிடலாம். 35 முதல் 50 கிலோ வரை உள்ள பிள்ளைகளுக்குப் போட்டியில் இது பொருந்தும் என்பது பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதற்குக் கீழே உள்ளவர்களும் தாராளமாகக் கற்கலாம்.

இதில் முதல் பாடமே கவிழ்வதுதான். லைஃப் ஜாக்கெட் போட்ட பிள்ளையை வேண்டுமென்றே படகைக் கவிழ்க்கச் சொல்வார்கள். தலைகீழான படகின் அடியிலிருந்து ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துத் தொங்கி, ஏறி நின்று, விளிம்பைப் பற்றிப் பின்னால் சாய வேண்டும். பாய் மெல்லத் தண்ணீரை விட்டு எழும், பிறகு திடீரென்று படகு நிமிரும். உடனே உள்ளே தாவி ஏறி வாளியால் தண்ணீரை இறைக்க வேண்டும். வாளியும் படகோடு கயிற்றில் கட்டித்தான் இருக்கும். இதை ஒரு தடவை தனியாகச் செய்து முடித்த பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும். தண்ணீரில் ஒரு பெரியவர் கூட இல்லாத படகில் எட்டு வயதுக் குழந்தை தானே முடிவெடுக்கிறது என்பதால்தான் எனக்கு இந்தச் சின்னப் படகின் மேல் இவ்வளவு மரியாதை.

அடுத்த படி நம் நாட்டில் பெரும்பாலும் ஐஎல்சிஏ. 1970களிலிருந்து லேசர் என்று உலகம் அறிந்த படகு இதுதான். கனடாவின் புரூஸ் கெர்பி வடிவமைத்தது. ஒருவர் மட்டும் ஓட்டுவது, நீளம் 4.2 மீட்டர், உடற்பகுதி எடை 59 கிலோ. இதன் சிறப்பு, 4, 6, 7 என்ற மூன்று ரகத்துக்கும் படகின் உடல் ஒன்றே. பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் பாயையும் மாற்றினால் போதும். பெயரில் உள்ள எண் பாயின் பரப்பை ஒட்டியது: 4க்கு 4.7 சதுர மீட்டர், 6க்கு ஏறத்தாழ 5.7, 7க்கு 7 சொச்சம். 50 கிலோவைத் தாண்டியதும் 4, அறுபதுகளின் நடுவில் 6, எண்பதை நெருங்கும்போது 7. பெண்களின் ஒலிம்பிக் படகு 6, ஆண்களுடையது 7. 19 வயதுக்கு உட்பட்டோரின் உலகப் போட்டியில் ஆண் பிள்ளைகளும் 6இல்தான் ஓட்டுகிறார்கள். அதனால் 16 வயதுப் பையன் 65 கிலோவில் 7க்குத் தாவத் துடித்தால் தடுத்து நிறுத்துங்கள். அவன் வயதுக்காரர்களில் உலகின் சிறந்தவர்கள் இன்னும் 6இல் இருக்கிறார்கள்.

நேத்ரா குமணனின் பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையில் பிறந்தவர். டென்னிஸ், கூடைப்பந்து, சைக்கிள், பரதநாட்டியம் என்று பலவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, 2009இல் தமிழ்நாடு பாய்மரச் சங்கத்தின் கோடை முகாமில் படகேறினார். பிறகு அன்று லேசர் ரேடியல் என்று அழைக்கப்பட்ட 6இலேயே நிலைத்துவிட்டார். 17 வயதில் ஆசிய விளையாட்டு, 2020 ஜனவரியில் மயாமி உலகக் கோப்பைத் தொடரில் வெண்கலம், 2021 ஏப்ரலில் ஓமானில் ஒலிம்பிக் தகுதி. பாய்மரத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். டோக்கியோவில் 35ஆம் இடம், அடுத்து பாரிஸ் ஒலிம்பிக்கில் 21. படகு மாறவில்லை, இடம் மட்டும் ஏறியிருக்கிறது. வேலூரில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்த விஷ்ணு சரவணன் 7இல் ஓட்டுகிறார்: 2019இல் 21 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் வெண்கலம், டோக்கியோவில் 20ஆம் இடம், நேஹா வென்ற அதே ஆசிய விளையாட்டில் வெண்கலம், பாரிஸில் 18.

இரண்டு பேர் ஓட்டும் படகுகளும் உண்டு. பிள்ளைகளுக்கு 420, 29இஆர். அங்கிருந்து ஒலிம்பிக் படகுகளான 470, 49இஆர். ஒருவர் சுக்கானைப் பிடிப்பார். மற்றவர் பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் கம்பியில் இடுப்பை மாட்டிக்கொண்டு, படகுக்கு வெளியே விளிம்பில் கால் ஊன்றி நிற்பார்; 49இஆரில் இருவருமே அப்படி நிற்பார்கள். இங்கே இருவர் எடையும் சேர்ந்துதான் கணக்கு. ஒல்லியான பிள்ளைக்கும் உயரமான பிள்ளைக்கும் இடம் கிடைக்கும். சென்னையில் படகோட்டி வளர்ந்த வருண் தாக்கரும் கே.சி. கணபதியும் 49இஆரில் 2018 ஆசிய விளையாட்டு வெண்கலம் வென்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் 17ஆவதாக வந்தார்கள். அதே 2018இல் பெண்களுக்கான 49இஆர் எஃப்எக்ஸில் சென்னையின் வர்ஷா கௌதமும் மும்பையின் ஸ்வேதா ஷெர்வேகரும் வெள்ளி. ஆனால் ஜோடி கலைந்தால் இருவர் பயிற்சியும் நின்றுபோகும். ஒருவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு என்றால் மற்றவரும் கரையில்தான். மலையிலிருந்து விடுமுறைக்கு விடுமுறை மட்டும் வரக்கூடிய பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பலகையில் பாய் வைத்து ஓட்டும் விண்ட்சர்ஃபிங், காத்தாடிப் பலகை ஆகியவையும் இப்போது ஒலிம்பிக்கில் உண்டு. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்காக ஒலிம்பிக் பட்டியலைப் பார்த்துப் படகு தேர்வு செய்வதில் பொருளில்லை. ஃபின் படகு டோக்கியோவோடு போய்விட்டது. நிங்போவில் இபாத் அலி வெண்கலம் வென்ற ஆர்எஸ்:எக்ஸ் பலகை, அடுத்த வருடம் பாரிஸில் இல்லை. அதன் இடத்துக்குத் தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும் ஐக்யூஃபாயில் வந்தது. இன்றைய பத்து வயதுக்காரர் ஒலிம்பிக் போகும் காலத்தில் என்ன இருக்குமோ! பக்கத்தில் எந்தக் கிளாஸில் அதிகப் பிள்ளைகள் ஓட்டுகிறார்களோ, எதற்குப் பயிற்சியாளர் இருக்கிறாரோ அதுவே நல்ல கிளாஸ். கூட ஓட்ட ஆளில்லாமல் பந்தயம் கற்க முடியாது.

பயிற்சி எங்கே? ஏற்காடு ஏரியில் ஓடுவது சுற்றுலாப் படகுகள்தான்; சுற்றிலும் மரமும் மேடுமாக உள்ள சிறிய ஏரியில் காற்று நிலையாக வீசாது. தமிழ்நாட்டுக்காரருக்கு முதல் வாசல் சென்னைத் துறைமுகம். தமிழ்நாடு பாய்மரச் சங்கமும், 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் அங்கே இயங்குகின்றன. துறைமுகச் சுவருக்குள் அலை அடங்கியிருப்பதால் தொடக்கக்காரர்களுக்கு நல்ல இடம். தேறியவர்கள் வெளியே கடலுக்குப் போவார்கள். கோடை விடுமுறைதான் மலைப் பிள்ளைகளுக்குத் தோதான நேரம். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் கடற்காற்று கிளம்பிவிடும்.

வீட்டில் பண வசதி இல்லாத பிள்ளைக்கும் வழிகள் உண்டு. இவற்றைப் பற்றி நம் பள்ளிகளில் யாரும் பேசாதது எனக்கு வருத்தம். ராணுவமும் கடற்படையும் சிறு வயதிலேயே விளையாட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தங்குமிடம், படிப்பு, பயிற்சி மூன்றையும் தருகின்றன. இந்தியாவின் பாய்மர வீரர்களில் பலர் படையிலிருந்து வந்தவர்கள். ஹைதராபாத்தில் உசேன் சாகர் ஏரியில் சுஹேம் ஷேக் நடத்தும் யாட் கிளப் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படகு கற்றுத் தருகிறது. கல்லூரியில் என்சிசி கடற்படைப் பிரிவு இருந்தால் அங்கும் பாய்மரப் பயிற்சி உண்டு. ஆனால் போட்டிக்கு அது சற்றுத் தாமதமான தொடக்கம். படகு வாங்க அவசரப்பட வேண்டாம். புதுப் படகுக்கு லட்சங்கள் ஆகும். பிள்ளை வளர வளர ஆப்டிமிஸ்ட்டை விட்டு வெளியேறிவிடும். கிளப் படகிலேயே சில வருடம் ஓட்டலாம்.

மற்ற மாதங்களில் மலையிலேயே செய்யக்கூடியது நிறைய. நீச்சல் முதலில், அதில் சமரசம் கூடாது. மேட்டிலும் பள்ளத்திலும் ஓடுவதும் சைக்கிள் மிதிப்பதும் ஹைக்கிங் செய்யும் தொடைகளுக்கு நேரடியாக உதவும். காற்றைப் படிக்கும் பழக்கத்தையும் இங்கேயே தொடங்கலாம். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள். காற்று வரும்போது இலைகள் புரண்டு வெள்ளையான அடிப்பக்கம் தெரியும். சரிவில் எந்த வரிசை முதலில் வெளுக்கிறது, அது எவ்வளவு நேரத்தில் நம்மிடம் வருகிறது, முகத்தில் படும்போது எந்தப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்று பிள்ளையைச் சொல்லவையுங்கள். தண்ணீரில் படகோட்டிகள் பார்ப்பதும் இதையே: காற்று தொட்ட இடம் கருத்துச் சுருங்கும், அந்தக் கருமை எங்கிருந்து நகர்ந்து வருகிறது என்று கண்டவர் மற்றவரைவிடச் சில வினாடி முன்னதாகத் திரும்பிவிடுவார்.

கிளப்புக்குப் போன் செய்யும்போது கட்டணத்தை மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். பிள்ளையின் வயதோடு எடையையும் உயரத்தையும் சொல்லுங்கள். அந்த எடையில் இப்போது எத்தனை பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள், எந்தப் படகில் என்று கேளுங்கள். பயிற்சி நேரம் முழுக்கப் பாதுகாப்பு மோட்டார் படகு தண்ணீரில் இருக்குமா என்று கேளுங்கள். முகாம் முடிந்த பிறகு வெளியூர்ப் பிள்ளை திரும்பி வந்தால் கிளப் படகு கிடைக்குமா, அடுத்த உள்ளூர்ப் பந்தயம் எந்தத் தேதியில் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குச் சேலத்திலிருந்து ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கோடையில் கிடைப்பது கஷ்டம்.