பாட்டிக்காக இன்னொரு சுருள்

மடித்தால் ஒரு சிறு புத்தகத்தின் அளவுதான். பொத்தானை அழுத்தினால் துருத்தி விரிந்து லென்ஸ் முன்னே வந்து நிற்கும். 1950களில் ஜெர்மனியில் செய்த மடிப்புக் கேமரா அது. பேட்டரி கிடையாது. 1901இல் அறிமுகமான 120 ரகப் பிலிம் இன்றும் விற்பனையில் இருப்பதால் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள். முதல் சுருளைப் பாட்டியின் பிறந்தநாளில் எடுத்தேன். கழுவி வந்தபோது படத்துக்குப் படம் வெள்ளைத் திட்டுகள். பாட்டியின் முகமே தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு துருத்திக்குள் டார்ச் அடித்தேன். மடிப்பு மூலைகளில் ஊசித் துளைகள் மின்னின! வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டிய சோதனை.

துளைகளைக் கறுப்புத் துணிப் பெயிண்டால் அடைத்தேன். மறுபடி பாட்டியிடம் போனேன். தூரத்தைக் கண்ணால் அளந்து லென்ஸில் வைக்க வேண்டும். ஷட்டரைக் கையால் ஏற்ற வேண்டும். பின்பக்கச் சிவப்புச் சன்னலில் அடுத்த எண் தெரியும்வரை சுருளைத் திருக வேண்டும். மறந்தால் ஒரே படத்தின்மேல் இன்னொன்று பதிந்துவிடும். நான் இத்தனையும் முடிப்பதற்குள் பாட்டி சேலையைச் சரிசெய்துகொண்டு, “இப்ப எடுப்பா” என்றார்.

ஒன்பது படங்கள் தேறின. ஒன்று இப்போது வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது.

பழைய மடிப்புக் கேமரா வாங்கப் போகிறீர்களா? கையில் டார்ச் இருக்கட்டும்.