பழைய பென்ஸும் தருமபுரித் தண்ணீரும்

பழைய கார் விற்பனைத் தளங்களில் பெங்களூரு, சென்னை என்று போட்டுத் தேடினால் ஒரு விசித்திரம் தெரியும். இரண்டு மூன்று வருஷம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக் என்ன விலையோ, அதே விலைக்கோ அதற்குக் கீழேயோ, பதினைந்து இருபது வயதான மெர்சிடிஸ் பென்ஸ் ஒன்று நிற்கும். போய்ப் பார்த்தால் கதவு மூடும் சத்தத்திலேயே பாதி மனசு போய்விடும். "எஞ்சின் இன்னும் ரெண்டு லட்சம் கிலோமீட்டர் போகும் சார்" என்பார் விற்பவர். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். ஆனால் வருஷக்கணக்கில் வைத்து ஓட்டப் போகிறவர் கவலைப்பட வேண்டியது எஞ்சினைப் பற்றி இல்லை.

உதாரணத்துக்கு டபிள்யூ 124 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். 1994ல் டெல்கோவுடன் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டு சேர்ந்து மெர்சிடிஸ் இந்தியாவுக்கு வந்தது. 1995ல் புனேயிலிருந்து இ 220 என்ற பெட்ரோல் கார் வெளிவந்தது, இ 250 டீசலும் விற்றது. ஜெர்மனியில் டாக்ஸியாக ஓடி ஓடிப் பேர் வாங்கிய வண்டி. அதன் டைமிங் செயின், கியர்பாக்ஸ், பின்பக்க மல்டி லிங்க் சஸ்பென்ஷன் எல்லாம் இன்றைக்கும் மெக்கானிக்குகள் மரியாதையாகப் பேசுகிற சமாச்சாரம். அப்படியிருந்தும் அதை வாங்கிய பலர் ஏன் இரண்டே வருஷத்தில் கைமாற்றி விடுகிறார்கள்?

ஒரு சின்னக் கணக்கு. வயதாகிப் பழுதாகக்கூடிய பாகங்கள் ஒரு காரில் 100 இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் இந்த வருஷத்தைத் தாண்ட 99 சதவீதம் வாய்ப்பு உண்டு. ஒரு பழுதும் இல்லாமல் வருஷம் முழுக்க ஓட வாய்ப்பு எவ்வளவு? 0.99ஐ 100 முறை பெருக்கினால் 37 சதவீதம். இப்போது பவர் சீட், ஏசிக்கு வாக்யூம் குழாய், பூட்டுக்கு ஒரு பம்பு, சன்ரூஃப் மோட்டார் என்று அதே தரத்தில் இன்னொரு 100 பாகம் சேருங்கள். 13 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எண்கள் நான் போட்டவைதான், ஆனால் கணக்கின் போக்கு நிஜம். சொகுசு என்பது பாகங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு பாகமும் மாருதியில் இருப்பதைவிட நன்றாகச் செய்யப்பட்டிருக்கலாம், மொத்த வண்டி அதிகம் படுத்தும். சர்வர் வைத்து மேய்ப்பவர்களுக்கு இது புதிதில்லை.

இதோடு இன்னொன்று. பல பாகங்கள் கிலோமீட்டரால் சாவதில்லை, வருஷத்தால் சாகின்றன. ரப்பர் புஷ், ஹோஸ், எஞ்சின் மவுன்ட், பிளாஸ்டிக் இணைப்புகள், வயரின் மேலுறை. 1990களின் முதற்பாதியில் வந்த மெர்சிடிஸ்களில் எஞ்சின் வயரிங் ஒரு பிரபலமான தலைவலி. அப்போது பயன்படுத்திய காப்புறை சூட்டில் காய்ந்து பொடிப்பொடியாக உதிரும். உள்ளே செம்பு தெரியும், கம்பிகள் உரசும், வண்டி புரியாத மாதிரி இருமும். "நாற்பதாயிரம்தான் சார் ஓடியிருக்கு, டாக்டர் வண்டி" என்பது இந்த விஷயத்தில் ஒரு ஆறுதலும் தராது.

இனி நம்ம மாவட்டத்துக்கு வருவோம். தருமபுரி என்றாலே தண்ணீர்ப் பிரச்சினை. பாறைக்குள் இருந்து வரும் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பல் கறையாகும், எலும்பு பாதிக்கும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013ல் தொடங்கிவைக்கப்பட்டது. காருக்கு ஃப்ளோரைடு பெரிய எதிரி இல்லை. அதே போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் எதிரி. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டுமே, அதுவேதான் ரேடியேட்டருக்குள்ளும் கட்டுகிறது. ரேடியேட்டர் குழாயின் வாய் ரொம்பக் குறுகல். அதன் சுவரில் லேசான படிவம் பிடித்தாலே வெப்பம் வெளியேறுவது குறையும்.

இ 220ல் எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே இருக்கும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். கூலிங் ஒழுங்காக இருக்கும்வரை இடையில் உள்ள கேஸ்கெட் இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும். ஒருமுறை கொதித்துவிட்டால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், பிறகு லேத் வேலை. அலுமினிய ரேடியேட்டரின் இரண்டு ஓரத்திலும் பிளாஸ்டிக் தொட்டி. வயதான பிளாஸ்டிக், ஹோஸ் மாட்டும் கழுத்தில் விரிசல் விடும். நீர் ஒழுகும். வழியில் நிறுத்தி ஏதோ ஒரு ஓட்டலில் ஒரு குடம் போர் தண்ணீர் வாங்கி ஊற்றுவார்கள். அங்கே தொடங்குகிறது கதை.

கூலன்ட் என்பது வெறும் கலர் தண்ணீர் இல்லை. அதில் உள்ள கிளைக்கால் கொதிநிலையை உயர்த்தும். கூட இருக்கும் ரசாயனங்கள் அலுமினியம் அரிக்காமல் காக்கும், அவை இரண்டு மூன்று வருஷத்தில் தீர்ந்துபோகும். வண்டி சூடாகுது என்றால் நம் ஊரில் முதல் வைத்தியம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. ஊசி இறங்கும், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் எஞ்சின் இனி சரியான சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேய்மானம் கூடும், அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே கிடக்கும். நோயை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை உடைக்கிற மாதிரி. ஏழெட்டு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் என்ன விலை, ஒரு ஹெட் வேலை என்ன விலை என்று உள்ளூரில் விசாரித்துப் பாருங்கள்.

அடுத்தது தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் நீள இறக்கம். அங்கே நடக்கும் லாரி விபத்துகளைச் செய்தியில் படிக்காதவர் இருக்க மாட்டார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. ஒன்றரை டன்னை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே இறக்கினால் அந்தச் சூடு எட்டாக்கனி இல்லை. நீராவி உருவானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதும், சின்ன கியரில் இறங்குவதும்தான் மருந்து.

பிரேக் என்றதும் ஒரு கிளைக்கதை. 2002ல் வந்த டபிள்யூ 211 இ கிளாஸில் மின்னணு பிரேக் வைத்தார்கள். பெடலை அமுக்கினால் கம்ப்யூட்டர் தீர்மானித்துப் பம்பு மூலம் அழுத்தம் கொடுக்கும். அந்த அமைப்பு எத்தனை முறை பிரேக் அடித்தீர்கள் என்று எண்ணிக்கொண்டே வரும். வரம்பு எட்டியதும் எச்சரிக்கை விளக்கு, யூனிட்டையே மாற்ற வேண்டும். 2004லும் 2005லும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2006ல் பழைய ஹைட்ராலிக் முறைக்கே போய்விட்டார்கள். ஆக 2004 வண்டியைவிட 1996 வண்டி வைத்திருப்பது சுலபம் என்ற தலைகீழ் நிலைமை. ஏர் சஸ்பென்ஷன் வைத்த எஸ் கிளாஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உதிரிபாகம் கிடைக்காது என்ற பயம் ஓரளவுதான் சரி. டபிள்யூ 124க்கு 195/65 ஆர் 15 டயர், ஆல்டிஸுக்கும் ஆக்டேவியாவுக்கும் போட்ட அதே அளவு. மற்றவற்றுக்கு பெங்களூரு ஜேசி ரோடு, சென்னை புதுப்பேட்டை இருக்கின்றன. பிரச்சினை நாட்கள். பாகம் இன்னதென்று கண்டுபிடித்து, ஆள் அனுப்பி, அது பொருந்தாமல் மறுபடி அனுப்பி, நூறு ரூபாய் ரப்பருக்காக வண்டி இரண்டு வாரம் ஷெட்டில் நிற்கும். அதனால் வீட்டின் ஒரே காராக இதை வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

அரசுச் செலவும் உண்டு. 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் காருக்கு 600லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள், இறக்குமதிக் காருக்கு 80,000. பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. மைலேஜும் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது.

இத்தனைக்கும் பிறகும் ஆசை போகவில்லையா? வண்டி பார்க்கக் காலையில் போங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். துருநிறமோ, வெள்ளைப் படிவமோ, மிதக்கும் எண்ணெயோ இருந்தால் பேரம் பேச உட்காராதீர்கள். கடைசி மூன்று வருஷ பில்களைக் கேளுங்கள், அதில் ஹோஸ், கூலன்ட், பிரேக் ஆயில் என்ற வார்த்தைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அன்றைக்கு டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பி, சொல்லாமல் இன்னொரு நாள் காலையில் போங்கள்.